கோவென்ட்ரியும் ஒரு டிராம்போனும்

ஆன்சைட்டுன்னதும் லண்டன்னு நெனச்சு ரெண்டு கோட்டு வாங்கினேன். 2024-ல கெடச்சது கோவென்ட்ரி. 1940 நவம்பர்ல ஜெர்மன்காரன் குண்டு போட்டு நொறுக்கின ஊர். கார் தொழிற்சாலை ஊர். சாயங்காலம் ஆறரைக்கு மேல நான் நடக்குற கடைத்தெருவுல ஈ காக்கா இருக்காது. டீம்ல எல்லாரும் "செம போர் ஊர்டா"ன்னு புலம்பிக்கிட்டே சாம்பார் வெச்சுச் சாப்பிடுவோம்.

இந்த ஊருக்குன்னு ஒரு பேண்ட் இருந்துச்சுன்னு சொன்னது பக்கத்து சீட் பெரியவர். அவரோட அப்பா அம்மா ஜமைக்காவுல இருந்து வந்தவங்க. பேண்ட் பேரு 'தி ஸ்பெஷல்ஸ்'. 1977-ல ஜெர்ரி டாமர்ஸ் ஆரம்பிச்சது. வெள்ளைக்காரப் பசங்களும் ஜமைக்காவுல பொறந்த பசங்களும் ஒரே மேடையில. 1979-ல 'டூ டோன்'னு சொந்த ரெக்கார்டு லேபிள், அதுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அடையாளம். பாடகர் டெர்ரி ஹால் 2022 டிசம்பர்ல போயிட்டார். ஆக, நான் போய்ச் சேர்ந்தப்போ பாட்டுதான் மிச்சம்.

அவங்க வாசிச்சது ஸ்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிப் பாருங்க. எண்ணிக்கை விழற எடத்துல அடிக்காம, ரெண்டு எண்ணுக்கு நடுவுல கிதார் 'சக் சக்'னு வெட்டும். (அரையிடம்னு சொன்னா கர்நாடக சங்கீதக்காரங்க அடிக்க வருவாங்களா?) அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸையும் உள்ளூர் மென்டோவையும் கலந்து, 1950-கள் கடைசியில ஜமைக்காவுல பொறந்த இசை. 1962-ல அந்த நாடு சுதந்திரம் வாங்கினப்போ ஊரே ஆடினது இதுக்குத்தான். அப்புறம் வேகம் கொறஞ்சு ராக்ஸ்டெடி, 1968 வாக்குல ரெகே. நானும் பாப் மார்லியில இருந்துதான் எல்லாம் ஆரம்பம்னு நெனச்ச கோஷ்டிதான்.

ஒரு வாரம் கேட்டுட்டு, பெரியவர்கிட்ட பந்தாவா, "உங்க ஊர்ப் பாட்டு 'எ மெசேஜ் டு யூ, ரூடி' சூப்பர்"னேன். சிரிச்சார். "ஊர்ப் பாட்டா? நான் சின்னப் பையனா இருக்கும்போதே எங்க வீட்டுல ஓடுச்சு."

மூலப்பாட்டு 1967-ல டாண்டி லிவிங்ஸ்டன் பாடினது. தேடிக் கேட்டேன். அதுலயும் அதே டிராம்போன். அதேன்னா, அதே ஆள்! ரிகோ ரோட்ரிகஸ். 1934-ல கியூபாவுல பொறந்து, கிங்ஸ்டன்ல வளர்ந்தவர். கன்னியாஸ்திரிகள் நடத்தின ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல்ல படிச்சார். ஏழைப் பசங்க கையில வாத்தியத்தைக் குடுத்த பள்ளிக்கூடம். அங்க சீனியர் டான் டிரம்மண்ட்தான் இவருக்கு டிராம்போன் சொல்லிக் குடுத்தது. 1961-ல ரிகோ இங்கிலாந்து வந்துட்டார். பன்னெண்டு வருஷப் பழைய பாட்டை 1979-ல கோவென்ட்ரிப் பசங்க திரும்பப் பாடும்போது வேற யாரையாவது ஊதச் சொல்லியிருக்கலாம். இவரையே கூப்பிட்டாங்க. நம்ம ஊர் ரீமிக்ஸ் எதுலயாவது பழைய டிரம்பெட்காரரைத் தேடிப் போயிருக்காங்களா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, சந்தோஷப்படுவேன்.

'கோஸ்ட் டவுன்'ல ஊளையிடுற மாதிரி குரல் வருமே, அதைக் கேட்டுப் பேய்ப்பாட்டுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். 1981-ல தொழிற்சாலைகள் ஆளைக் கொறைச்சு, ஊரே வேலையில்லாம கெடந்த நேரம். அந்த ஏப்ரல்ல இந்திய வம்சாவளி மாணவர் ஒருத்தரை இதே ஊர்ல, நகர மையத்துல, இனவெறியில குத்திக் கொன்னுருக்காங்க. நான் தெனமும் பஸ் ஏறுற ஏரியா. ஜூன்ல இனவெறிக்கு எதிரா இவங்க இங்கேயே ஒரு கச்சேரி பண்ணினாங்க. ஜூலையில பல ஊர்கள்ல கலவரம் நடந்துக்கிட்டிருக்க, இந்தப் பாட்டு மூணு வாரம் முதலிடம். அதுலயும் ரிகோதான் ஊதியிருக்கார். அதோட பேண்டும் ஒடைஞ்சுபோச்சு, அது தனிக்கதை.

2024 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல மறுபடி பல ஊர்கள்ல கலவரம். ஓட்டல்ல தங்கியிருந்த அகதிகளையும் மசூதிகளையும் குறி வெச்சாங்க. "தனியா வெளிய சுத்தாதீங்க"ன்னு லீட் மெசேஜ். அம்மா ராத்திரி மூணு தடவை போன். "டிக்கெட் போட்டு வந்துடுப்பா." நான் திரைச்சீலையைக் கூட வெலக்காம ரெண்டு நாள் ரூம்லயே மேகி.

மூணாவது நாள் ஆபீஸ் போனேன். பெரியவர்கிட்ட அம்மா போன் பண்ணின கதையைச் சொன்னேன். காபியைக் கலக்கிக்கிட்டே, "81-ல அந்தக் கச்சேரிக்கு எங்கம்மாவும் போகாதேன்னுதான் அழுதாங்க"ன்னார்.

"போனீங்களா?"

"சட்டைய வெளியில காயப்போட்டு வெச்சிருந்தேன். அதை ஒளிச்சு வெச்சுட்டாங்க. அண்ணன் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனேன். தொளதொளன்னு இருந்துச்சு."