படம் எடுத்தது யார்?

எங்கள் தென்னூர் வீட்டுக் கூடத்தில் பத்து வருஷமாக ஒரு நல்லபாம்பு படமெடுத்து நின்றுகொண்டிருந்தது. பயப்படாதீர்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள்தான்! போன தை மாதம் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். வருகிறவர்கள் எல்லாம் "எங்கே சார் அந்தப் பாம்பு?" என்று கேட்கிறார்கள். அதற்கான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகன் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தான். காலையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோரம் நடக்கப் போகும்போது மீன்கொத்தி, நாரை என்று எடுக்க ஆரம்பித்தேன். ஒருநாள் படித்துறைக் கல்லில் வெயில் காய்ந்துகொண்டிருந்த தண்ணீர்ப்பாம்பு ஒன்றைக் கண்டேன். அன்றிலிருந்து பாம்புப் பைத்தியம் பிடித்தது.

எங்கள் தலைமுறைக்குப் பாம்பு என்றால் கம்புதான். சின்ன வயதில் கொல்லைப்புறத்தில் சாரை வந்தால் ஓடிப்போய்க் கம்பு எடுத்து வந்து கொடுப்பவன் நான். எலி பிடிக்க வந்த, விஷமில்லாத பாம்பு அது என்று அப்போது யார் சொன்னார்கள்? அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் என்றுதான் கேமராவைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கேமராவும் ஒரு கம்பாகிவிடும் என்பதை அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

சாரையும் தண்ணீர்ப்பாம்பும் எடுத்து அலுத்துப்போய், நல்லபாம்பு ஒன்று படமெடுத்து நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. தெரிந்தவர் ஒருவர் பாம்பு பிடிக்கும் ஆளை அழைத்து வந்தார். கொள்ளிடக் கரையில் ஒரு பாறை. அந்த ஆள் சாக்கை அவிழ்த்துப் பாம்பை அதன்மேல் விட்டார். அது ஓடப் பார்த்தது. வாலைப் பிடித்து இழுத்தார். முன்னால் கையை ஆட்டினார். எழுந்து படமெடுத்தது. நான் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்துத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் பாம்பு களைத்துப்போய்த் தலையைக் கீழே போட்டுவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றேன்.

சொன்னது நான்தான். அவர் மறுபடி வாலைத் தட்டினார். அதற்கப்புறம் அந்தப் பாம்பு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. பல் பிடுங்கிய பாம்பா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் படத்தை ஒரு கண்காட்சியில் வைத்தார்கள். கீழே 'இயற்கைச் சூழலில் நல்லபாம்பு' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

பிற்பாடுதான் ராமுலஸ் விட்டேக்கரும் அசோக் கேப்டனும் சேர்ந்து 2004ல் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய கையேடு கைக்குக் கிடைத்தது. தொடர்ந்து படித்துத் தெரிந்துகொண்டது இது: நல்லபாம்பு கழுத்து விலா எலும்புகளை விரித்துப் படமெடுப்பது பயத்தில், 'கிட்ட வராதே' என்று எச்சரிப்பதற்காக. தொந்தரவில்லாமல் தன் போக்கில் போகும் நல்லபாம்பு பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட சாரை மாதிரிதான் இருக்கும். அப்படியானால் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது அந்தப் பாம்பின் பயம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதைப் பிடித்ததே குற்றம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பிடிப்பதிலும் முறை உண்டு. 1978லிருந்து வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அரசு அனுமதியோடு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் திரும்ப விடுகிறார்கள். பாம்புக்கடிக்குப் போடும் மருந்து அந்த விஷத்திலிருந்துதான் வருகிறது. 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் பிடித்தது உயிர் காக்க. நான் பிடிக்கச் சொன்னது சுவரில் மாட்ட.

அதற்கப்புறம் எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். பாம்பைத் தொடக்கூடாது, கல்லைப் புரட்டக்கூடாது, செடியை ஒடிக்கக்கூடாது. டெலி லென்ஸ் போட்டுத் தூரத்தில் நின்று எடுக்க வேண்டும். பாம்பு என்னைக் கண்டு நகர்ந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

போன வருஷம் ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகும் வழியில், வேலியோரப் புதரில் ஒரு பச்சைப்பாம்பு. நாம் கண்கொத்திப் பாம்பு என்போமே, அதுதான். இலங்கையிலும் இதே பயம்தான். இதன் விஞ்ஞானப் பெயரான அகேதுல்லா, கண்ணைப் பிடுங்குவது என்ற பொருளுள்ள சிங்களச் சொல்லிலிருந்து வந்ததாம். பாவம், ஓணானையும் தவளையையும் பிடித்துத் தின்கிற பிராணி! காற்றடித்தால் கொடியோடு சேர்ந்து அதுவும் ஆடியது. காற்று நின்றால் அதுவும் நின்றது. முக்கால் மணி நேரம் நின்றேன். முழங்கால் வலி உயிர் போயிற்று. ஆனால் பாம்பு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மூன்றே படம் எடுத்துக்கொண்டு, அது இருந்தபடியே இருக்க, நான் திரும்பி வந்தேன்.

அதில் ஒன்றைத்தான் இப்போது அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஊர் பெயரும் தேதியும் மட்டும் எழுதியிருக்கிறேன். வருகிறவர்கள் "என்ன சார், வெறும் செடியை மாட்டி வச்சிருக்கீங்க?" என்கிறார்கள். என் மனைவிக்கே பாம்பைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்குள் பாம்பு வந்தால் கம்பைத் தேடாதீர்கள். தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். நேரே புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

பரணில் இருக்கும் அந்தப் பழைய படத்தை இன்னும் தூக்கிப் போடவில்லை. கீழே எழுதியிருந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன்.