தோழிக்கு ஒரு தஞ்சாவூர் ஓவியம்! - மேலவீதி முதல் பூக்காரத் தெரு வரை

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி அரண்மனையை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தால், கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று நான்கு ராஜவீதிகள் வந்துவிடும். மேலவீதியில் பங்காரு காமாட்சி அம்மன் கோயில். அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஓட்டு வீட்டின் முன்கூடத்தில் ஓர் ஓவியர் பலகையைத் தரையில் கிடத்தி, குனிந்து கல் பதித்துக்கொண்டிருந்தார். கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்த இளம்பெண்ணுக்குக் கோவையில் வேலை. கல்லூரி நாள்களில் மூன்று வருடம் தஞ்சாவூர் விடுதியில் இருந்தவள். அப்போது கிடைத்த உயிர்த்தோழிக்குத் தை மாதத்தில் கல்யாணம். மிக்ஸியும் டின்னர் செட்டும் நிறைய பேர் கொடுப்பார்கள். அவளுக்காகவே செய்த பரிசாக ஒன்று கொடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் தஞ்சாவூருக்கே வந்திருந்தாள்.

போனை எடுத்து நிச்சயதார்த்தப் படத்தைக் காட்டினாள். "ஐயா, இந்த ரெண்டு பேரையும் அப்படியே தஞ்சாவூர் ஓவியமா பண்ணித் தர முடியுமா? கல்லு, தங்கம் எல்லாம் வெச்சு?"

ஓவியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "பண்ணலாம்மா. ராஜாவையே வரைஞ்ச ஊரு இது."

அவர் சொன்னதில் மிகை இல்லை. தஞ்சாவூர் ஓவியம் என்றதும் நவநீதகிருஷ்ணனும் ராமர் பட்டாபிஷேகமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களின் உருவப்படங்களும் இதே பாணியில் இருக்கின்றன. 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜியின் காலம் இந்தக் கலைக்குப் பொற்காலம். அதே காலகட்டத்தில், இங்கிருந்த ஆங்கிலேயர்களுக்காகத் தஞ்சை ஓவியர்கள் தம்பதிப் படங்களும் வரைந்தார்கள். ஒவ்வொரு சாதியிலும் தொழிலிலும் ஒரு கணவன், ஒரு மனைவி என்று ஜோடி ஜோடியாக நிற்கும் அந்தச் சித்திரங்களை இன்றைக்கும் லண்டன் அருங்காட்சியகங்களில் காணலாம். ஆக, ஜோடிப் படம் தஞ்சாவூருக்குப் புதிதில்லை.

"ஆனா ஒண்ணு கேக்கறேன்" என்றார் ஓவியர். "இவங்க முகத்தை இவங்க போன்லயே பாத்துக்குவாங்க. கல்யாண ஆல்பமும் வரும். உனக்கும் அந்தப் பொண்ணுக்கும் மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருந்தா சொல்லும்மா."

அவள் கொஞ்ச நேரம் வாசல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "கதம்பம்."

தோழியின் வீடு தஞ்சாவூரிலேயேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே போனால், தோழியின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருப்பார். கட்டி முடித்ததும் சரியாகப் பாதியாக நறுக்கி, மகளுக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. விடுதிப் பெண்ணுக்குப் பாதிதானே என்று ஒருநாளும் குறைத்ததில்லை. அந்த அம்மா போன வருடம் இறந்துவிட்டார். மகளின் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஓவியர் தலையாட்டினார். "அப்ப கண்ணன் படம் வெச்சுக்குவோம். வழக்கமா மேல மண்டப வளைவுல முத்துத் தோரணம் போடுவோம். அதுக்குப் பதிலா கதம்பம் தொங்கட்டும். எந்தப் பூவுக்கு அப்புறம் எந்தப் பூ?"

அங்கேதான் அவளுக்குச் சிக்கல். வெள்ளை, ஆரஞ்சு, பச்சை என்று நிறங்கள் நினைவில் இருந்தன. வரிசை நினைவில் இல்லை. தோழியிடம் கேட்டால் பரிசின் ரகசியம் போய்விடும்.

பூக்காரத் தெருவில் ஒரு காலை

மறுநாள் காலையில் பூக்காரத் தெருவுக்குப் போனாள். தஞ்சாவூரின் பூ வியாபாரம் நடக்கும் இடம் அது. ஈரச் சாக்குகள் மேல் பூ குவிந்துகிடக்க, மருக்கொழுந்து வாசம் தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து இழுத்தது. பூக்கட்டும் அக்கா ஒருவரிடம், "ஒரு முழம் கதம்பம் என் கண்ணு முன்னாடி கட்டித் தர்றீங்களாக்கா?" என்று கேட்டாள்.

மழைக்காலத்தில் மல்லி வரத்து குறைவு. அக்கா முல்லையை எடுத்தார். வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்து முடிச்சுப் போட்டார். நிறைய முல்லை, நடுவே கனகாம்பரம், கடைசியில் மருக்கொழுந்து.

"இல்லக்கா, அவங்க இப்படிக் கட்ட மாட்டாங்க" என்று அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்தபோதுதான் அந்தத் திண்ணையும் அந்தக் குரலும் திரும்பி வந்தன. கனகாம்பரத்துக்கு நிறம் உண்டு, வாசம் கிடையாது. தோழியின் அம்மா அதன் இரண்டு பக்கமும் மருக்கொழுந்து வைப்பார். "வாசம் இல்லாத பூவுக்கு ரெண்டு பக்கமும் துணை வேணும்டி" என்பார்.

வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை. வரிசை கிடைத்துவிட்டது.

மழையும் மக்கும்

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப்படம் என்றும் பெயர் உண்டு. அந்தக் காலத்தில் பலா மரப்பலகை. இப்போது பெரும்பாலும் பிளைவுட். பலகையில் துணியை ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் கலந்து பூசி, வழவழப்பாகத் தேய்ப்பார்கள். அதன்மேல் கோட்டுருவம். நகை, தூண், வளைவு வரும் இடங்களில் கற்களைப் பதித்து, மக்கு என்ற பசைக் கலவையால் புடைப்பு வேலை செய்வார்கள். மக்கு காய்ந்த பிறகு தங்க ரேக்கு ஒட்டுவார்கள். அதற்குப் பிறகே வண்ணம். முகமும் கண்ணும் பெரும்பாலும் கடைசியில்தான்.

கார்த்திகை மழையில் மக்கு லேசில் காயவில்லை. போனில் இரண்டு தடவை விசாரித்தாள். "ஈரத்தோட ரேக்கு ஒட்டினா அப்புறம் விரிசல் விடும்மா. கல்யாணத் தேதிக்குத் தந்துடறேன், அவசரப்படுத்தாதே" என்றார் ஓவியர். மார்கழி பாதியில் வெயில் முகம் காட்டிய பிறகுதான் வேலை வேகமெடுத்தது.

ஒருநாள் அவரே அழைத்தார். "கதம்பத்துக்குக் கல்லும் வேணாம், தங்கமும் வேணாம்னு விட்டுட்டேன். வெறும் வண்ணம்தான். பூ பூவாவே இருக்கட்டும்." சரியென்றாள்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: ஒட்டுவது 22 காரட் தங்க ரேக்கா, பொன்னிறத் தாளா? பொன்னிறத் தாள் சில வருடங்களில் கறுக்கும். அசல் ரேக்கு தலைமுறை தாண்டியும் மின்னும். கல்யாணப் பரிசு என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். நேரடி வெயிலும் ஓதம் ஏறும் சுவரும் ஆகாது. கண்ணாடிச் சட்டத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பச்சை, ஆரஞ்சு, பச்சை

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு ஓவியம் கைக்கு வந்தது. வெண்ணெய்த்தாழியுடன் குண்டுக் கண்ணன். தூணிலும் வளைவிலும் தங்கம் பளபளத்தது. வளைவுக்குக் கீழே, மினுக்கம் எதுவும் இல்லாமல் ஒரு கதம்பச் சரம். அதைப் பழுப்புத் தாளில் சுற்றி, மண்டபத்தில் மற்ற பரிசுகளோடு வைத்துவிட்டு, பந்தியில் சாப்பிட்டு ஊருக்குக் கிளம்பினாள்.

பத்து நாள் கழித்து, சென்னையில் குடித்தனம் வைத்த வாடகை வீட்டிலிருந்து தோழியின் போன். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"கனகாம்பரத்துக்கு ரெண்டு பக்கமும் மருக்கொழுந்து இருக்குடி" என்றாள் தோழி கடைசியில். "அந்த ஓவியருக்கு யாருடி இதைச் சொன்னது?"

"உங்கம்மாதான்."