பயன் சொன்னவர்

புராணபடனம் என்னும் வழக்கத்தை இன்றைய மாணவர் பலர் நேரிற் கண்டிருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களிலே ஒருவர் புராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகிலே அமர்ந்திருக்கும் மற்றொருவர் அதனைப் பதம் பிரித்துப் பொருள் உரைப்பார். அவ்வாறு உரைப்பதற்குப் 'பயன் சொல்லுதல்' என்று பெயர். பொருள் என்னாது பயன் என்று வழங்கிய முன்னோரின் நுட்பத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகின்றது. விளங்காமற் படித்த பாட்டினாலே பயனில்லை என்று அவர்கள் கருதினார்கள் போலும்.

என் தந்தையார் எங்கள் ஊர் முருகன் கோயிலிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயன் சொன்னவர். தொழிலாலே அவர் சங்கக்கடை மனேஜர். பகலெல்லாம் அரிசியும் சீனியும் நிறுத்துக் கணக்கெழுதிய கை இரவிலே ஏடு புரட்டும். எஸ். எஸ். சி. வரை படித்து, பின்னர் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பிரவேச பண்டிதர் பரீட்சையிலே சித்தியெய்தினார். பால பண்டிதர் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தபோது குடும்பப் பாரம் வந்து சேர்ந்தது. ஊரார் அவரை 'அரைப் பண்டிதர்' என்று பகிடியாகச் சொல்வதுண்டு. அதைக் கேட்டு அவரும் சிரிப்பார்.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த நாள் முதலாக ஆறுமுக நாவலரின் பாலபாடமும், அவர் 1852இல் வெளியிட்ட பெரியபுராண வசனமும் எங்கள் வீட்டிலே மாலைப் பாடங்களாயின. ஐயா கடைக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். நான் உரத்து வாசிக்க வேண்டும். கணக்கிலே கண்ணிருப்பினும் காது என்னிடத்திலேயே இருக்கும். திடீரென்று பேனாவை நிறுத்தி, "அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்பார். நான் விழிப்பேன். "தெரிஞ்சால் தெரியும் எண்டு சொல்லு. தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லு. சும்மா தாண்டிப் போகாதை, தம்பி." இவ்வளவுதான் அவருடைய போதனாமுறை. அடித்ததில்லை, புகழ்ந்ததும் அருமை.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தின் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அது நனையுமளவிற்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, சிறு திரி கொளுத்திப் படித்த தலைமுறை எங்களுடையது. பாடங்களை முடித்ததும் அம்மா விளக்கை அணைத்துவிடுவார். அதன் பிறகு இருட்டிலே ஐயாவின் கதை தொடங்கும். பானுகோபன் கதையை நான் எத்தனை முறை கேட்டேனோ கணக்கில்லை. சூரபன்மனுடைய மூத்த மகன் அவன். குழந்தையாய்த் தொட்டிலிற் கிடந்தபோது தன்மேல் வெயில் பட்டதென்று சினந்து, சூரியனையே பிடித்துத் தொட்டிற் காலிலே கட்டிய வீரன். "அவன்ரை வீட்டிலை விளக்குக்குக் குறையில்லை. எங்களுக்குத்தான் எண்ணெய் இல்லை" என்று ஐயா இருட்டிலே சொல்ல, அம்மா சிரிக்கும் ஒலி கேட்கும். ஷெல் விழும் ஓசை தூரத்திலே கேட்கும் இரவுகளிலும் அவர் கதையை இடையில் நிறுத்தியதில்லை. குரலைச் சற்றே உயர்த்துவார்.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் ஆறு காண்டங்களும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் உடைய பெருநூல். யாழ்ப்பாணத்தவரின் வாழ்வையே 'கந்தபுராண கலாசாரம்' என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) வழங்கினார். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களையும் அச்சொல் அடக்குமோ என்பது வேறு விவாதம்; அடக்காது என்பதே என் எண்ணம். ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரையில் அது முற்றிலும் பொருந்திய சொல்.

1993ஆம் ஆண்டென்று நினைக்கின்றேன். எனக்கு வயது பதினான்கு. கோயிலிலே யுத்த காண்டம் நடந்துகொண்டிருந்தது. வீரவாகுதேவருடைய வாளுக்குப் பானுகோபன் இரையான பகுதிக்கு ஐயா பயன் சொல்லி முடித்து, மேலே நடக்கப்போவதையும் சுருக்கமாகக் கூறினார். சூரபன்மன் அழிக்கப்படவில்லை, மயிலாகவும் சேவலாகவும் ஆட்கொள்ளப்பட்டான், பகைவனுக்கும் அருளியதே முருகனுடைய பெருங்கருணை என்று அவர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தூணோரத்திலே ஓர் அம்மையார் இருந்தார். முந்திய ஆண்டு போரிலே மகனை இழந்தவர். புராணபடனத்தின் நடுவிலே பெண்கள் வாய் திறந்து கேட்கும் வழக்கம் அக்காலத்திலே இல்லை. அவர் கேட்டார்:

"ஐயா, சூரனுக்கு மயிலாயும் சேவலாயும் இடங் கிடைச்சுது. தேப்பனுக்காகப் போய்ச் செத்த பானுகோபனுக்கு என்ன கிடைச்சது?"

மண்டபம் அமைதியாயிற்று. வாசிப்பவர் ஐயாவைப் பார்த்தார். ஏதோ ஒரு விடை சொல்லியிருக்கலாம். கன்மம் என்றோ, ஊழ் என்றோ, திருவருளின் நோக்கம் நமக்கு எட்டாதென்றோ சொல்லக்கூடிய கல்வி அவரிடத்திலே இருந்தது. அவையோரும் அதனை ஏற்றிருப்பார்கள். ஐயா நெடுநேரம் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, இதுக்கு எனக்குப் பயன் தெரியாது" என்றார். அன்றைய படனம் அவ்வளவோடு நின்றது. பிரசாதத்தை அவரே எடுத்துச் சென்று முதலில் அந்த அம்மையாருக்குக் கொடுத்தார்.

அதன் பின்னர் ஒவ்வோராண்டும் பானுகோபன் வதையை வாசிக்கும் நாளிலே அவர் சொல்லுக்குச் சொல் பொருள் கூறுவார். பயன் கூறாமல் அடுத்த செய்யுளுக்குச் செல்வார். வழக்கமாக வருபவர்கள் காரணம் அறிவார்கள். அந்த அம்மையாரும் தவறாது வருவார்.

1995ஆம் ஆண்டு கந்தசஷ்டியை ஒட்டிய நாட்களிலே, ஐப்பசி மாதத்து மழையில், வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. புராண ஏடு வீட்டிலேயே நின்றுவிட்டது. சாவகச்சேரியிலே ஒரு பாடசாலை விறாந்தையில் எங்களோடு தங்கியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கி, ஐயா மிகுதிக் கதையை நினைவிலிருந்தே சொன்னார். செய்யுள் மறந்த இடங்களிலே, "இந்த இடம் மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அந்த மழையிலும் நெரிசலிலும் நூறு பேருக்கு மேல் இருந்து கேட்டார்கள். அடுத்த ஆண்டு வீடு திரும்பியபோது கூரையிலே பாதி இல்லை. ஏடு இருந்தது, கறையான் சிறிது தின்றிருந்தது.

நான் பல்கலைக்கழகத்திலே கணிதம் பயின்றேன். விடுமுறைக்கு வந்தபோதொருநாள், ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஒருவன் ஆண்டான் என்பது நடக்கக்கூடியதா என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நடந்ததோ எண்டு நீ கேக்கிறாய், தம்பி. இப்ப நடக்குதோ எண்டு நான் பாக்கிறன்" என்றார். இந்த விடை அன்று எனக்குப் போதவில்லை. இன்றும் முழுவதும் போதவில்லை. அவருடைய பத்தி எனக்கு அப்படியே வாய்த்ததென்று சொல்லமாட்டேன். காலையிலே விபூதி தரித்துத் தேவாரம் பாடும்போது அவர் முகத்திலே தோன்றிய அமைதியை நான் என் கண்ணாடியிலே கண்டதில்லை.

ஆயினும் வகுப்பறையிலே நிற்கும்போது நான் அவருடைய மகனே. கேத்திரகணித நிறுவலிலே வழி தெரியாத மாணவன், அந்த வரியிலே 'இது தெளிவு' என்றெழுதிவிட்டுத் தாண்டுவான். கணிதம் படிப்பிப்பவர்கள் எல்லோருக்கும் பழகிய தந்திரம் இது. 'இவ்விடம் எனக்குத் தெரியாது' என்றெழுதும் பிள்ளைக்கு நான் ஒரு புள்ளியேனும் கொடுக்கின்றேன். பரீட்சைத் திணைக்களம் இதனை ஒப்புக்கொள்ளாது என்று என் சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். அது உண்மைதான்.

ஐயா 2011இலே காலமானார். பயன் சொல்ல வேறொருவர் கிடைக்காமையால் கோயிலார் என்னை அழைத்தார்கள். ஐயாவின் கொப்பிகள் நான்கையும் வைத்துக்கொண்டு சொல்லி வருகின்றேன். பெரும்பாலான செய்யுள்களுக்கு அவருடைய குறிப்பே எனக்குத் துணை; சில இடங்களில் அவரோடு மாறுபட்டும் சொல்வதுண்டு. தூணோரத்து அம்மையாரும் இப்போது இல்லை.

சென்ற ஆண்டு பானுகோபன் வதையன்று, ஐயாவின் வழக்கப்படியே, பொருளை மாத்திரம் சொல்லிவிட்டு மேலே சென்றேன். படனம் முடிந்ததும் என்னிடம் உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன் அருகே வந்து, "சேர், அந்த இடத்துக்கு ஏன் பயன் சொல்லேல்லை?" என்று வினவினான். தேரடியிலே இருந்து அவனுக்கு அந்த அம்மையாரின் கதையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை வீட்டுக்கு வந்து, யுத்த காண்டத்தை இரவலாகக் கேட்டான். புத்தகத்தைக் கொடுத்தேன். கொப்பியை மாத்திரம் எங்கள் விறாந்தையிலே இருந்து வாசிக்கச் சொன்னேன்.