எத்தனை இலை?

கல்யாணச் சமையல்காரரிடம் போய் "கல்யாணத்துக்கு எவ்வளவுங்க ஆகும்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தொகை வராது, கேள்விதான் வரும். எத்தனை இலை? முதல் நாள் ராத்திரி சாப்பாடு உண்டா, காலை டிபன் உண்டா? மளிகை நீங்கள் வாங்கித் தருகிறீர்களா, நாங்களே வாங்குவதா? பாத்திரம் மண்டபத்தில் இருக்கிறதா? பரிமாற ஆள் யாருடையது? இத்தனையும் கேட்ட பிறகுதான் மனிதர் கணக்குப் போடவே ஆரம்பிப்பார். இதை அவருக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித் தரவில்லை. எப்போதோ ஒருமுறை முந்நூறு இலை என்று நினைத்து ஐந்நூறு இலை போட்டிருப்பார், அவ்வளவுதான்.

ஆப் செய்து தரும் இளைஞர்கள் பலர் இவரிடம் ஒரு வாரம் வேலைக்குச் சேரலாம்.

திருநெல்வேலியில் ஒரு அல்வாக் கடை என்று வைத்துக் கொள்வோம். முதலாளி சொல்கிறார்: "ஸ்விக்கி மாதிரி நம்ம கடைக்கு ஒண்ணு பண்ணித் தரணும் தம்பி. எவ்வளவு ஆகும்?" தம்பியும் யோசிக்காமல் "நாப்பதாயிரம் குடுங்க அண்ணாச்சி" என்கிறார். அண்ணாச்சிக்குச் சந்தோஷம். முதல் வேலை கிடைத்ததில் தம்பிக்கும் சந்தோஷம்.

இதில் ஆபத்தான வார்த்தை 'மாதிரி'. அண்ணாச்சி மனதில் இருப்பது, டெலிவரி வண்டி மேப்பில் ஊர்ந்து ஊர்ந்து வரும் காட்சி. தம்பி மனதில் இருப்பது நாலு படம், விலை, ஒரு ஆர்டர் பொத்தான். அந்த வண்டி ஊர்ந்து வர வேண்டுமென்றால் வாங்குகிறவருக்கு ஒரு ஆப், வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு ஆப், ஆர்டரைப் பார்க்கக் கடைக்கு ஒன்று என்று மூன்று வேண்டும். நாற்பதாயிரம் ஒன்றுக்கா, மூன்றுக்கா? இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது மாதம் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று நினைப்பார்கள். தம்பி ராத்திரி முழுக்க விழித்து இலவசமாக வேலை பார்ப்பார், அல்லது போனை எடுக்காமல் இருப்பார்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-வது பிரிவு நினைவிருக்கும் (பரீட்சைக்கு முதல் நாளாவது!). பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் நூறு டன் எண்ணெய். எந்த எண்ணெய் என்று தெரிய வழியே இல்லையென்றால் செல்லாது. விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால் செல்லும். ஆப் தொழிலில்தான் தேங்காய் எண்ணெய் வியாபாரியைப் பார்க்கவே முடியாதே. எல்லோரும் எல்லா எண்ணெயும் விற்பவர்கள்!

நிறையக் கேள்வி கேட்டால், விவரம் தெரியாத பையன் என்று நினைத்து வேறு ஆளிடம் போய்விடுவாரோ என்ற பயம் நியாயமானதுதான். பக்கத்துத் தெருவில் ஒருவர் எதுவுமே கேட்காமல் முப்பதாயிரம் சொல்லத் தயாராக இருப்பார். ஆனால் எதைக் கேட்கிறோம் என்று இருக்கிறதே... டேட்டாபேஸ், சர்வர் என்று ஆரம்பித்தால் அண்ணாச்சி விழிப்பார். "இப்ப ஆர்டர் எப்படி வருது அண்ணாச்சி, போன்லயா வாட்ஸப்லயா? கொண்டு போய்க் குடுக்கது யாரு? அல்வா தீந்துட்டா ஆப்புல யாரு மாத்துவாங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் அவரே பேசுவார். உள்ளூர் டெலிவரிக்கு ஒரே ஒரு பையன்தான், பாதி ஆர்டர் வெளியூர் பார்சல் என்பது அப்போதுதான் வெளியே வரும். மேப்பே வேண்டாம், கூரியர் நம்பரைக் காட்டினால் போதும். வேலையில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே கழிந்துவிடுகிறது.

சில்லறை விஷயங்களும் உண்டு. கூகுள் பிளே கணக்குக்கு ஒரே ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர். யார் பெயரில், யார் பணத்தில்? 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கூகுள் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆப்பை வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். தீபாவளிக்கு முந்தின வாரம் இது தெரிய வந்தால் அண்ணாச்சியிடம் என்ன சொல்வது?

சிலர் இந்தப் பேச்சையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி, அதற்கே தனியாக ஒரு சிறு தொகை வாங்குகிறார்கள். எது வரும், எது வராது, பிறகு கேட்டால் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். "பேசுனதுக்கு எதுக்கு தம்பி துட்டு?" என்று அண்ணாச்சி நிச்சயம் கேட்பார். வேலை தந்தால் பில்லில் கழித்துக் கொள்ளலாம், தராவிட்டாலும் அந்த இரண்டு பக்கத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டி விலை கேட்கலாம் என்றால் முக்கால்வாசி சமாதானம் ஆகிவிடுவார்.