வேலியில்லாத வளவு

காரியாலயமொன்றின் சேர்வரைப் பராமரிக்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் என்மீது விழுந்தது. அதிலிருந்த வன்தட்டோ, சகோதரர்கள் பங்கு பிரித்து வேலியடைத்த வளவு போன்றிருந்தது. கணக்குக் கோப்புகள் இருந்த பாகம் நிரம்பி வழிந்தது; பக்கத்துப் பாகம் வெறுமையாய்க் கிடந்தது. வேலியை நகர்த்துவதெனின் கோப்புகளை வெளியேற்றி மீண்டும் குடியேற்ற வேண்டும்.

ஆகவே, எல்.வீ.எம். என்னும் ஏற்பாட்டை நாடினேன். லினக்ஸுக்கு அதனை 1998இல் முதன்முதல் எழுதியவர் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன். இதில் தட்டுகள் யாவும் வொலியூம் குரூப் என்ற ஒரே பொதுக் காணியாகின்றன. காணி முழுவதும் எக்ஸ்டென்ட் எனப்படும் சமதுண்டுகளாக எண்ணப்படுகிறது. வழக்கமாகத் துண்டொன்று 4 மெகாபைட். வேண்டிய துண்டுகளை ஒதுக்கினால் ஒரு லொஜிக்கல் வொலியூம் உருவாகும். அத்துண்டுகள் அடுத்தடுத்து இருக்கவேண்டுமென்பதில்லை. ஒரே தட்டில் இருக்கவேண்டுமென்பதுமில்லை. எத்துண்டு எங்குள்ளது என்பதை, காணி உறுதியில் எல்லை எழுதுவதுபோல, ஓர் அட்டவணை குறித்துவைக்கிறது. மேலே இயங்கும் நிரல்களுக்கு வொலியூமின் பெயர் மட்டும் தெரிந்தாற் போதும்.

புதுத் தட்டொன்றைச் சேர்த்துக் கணக்கு வொலியூமை விரித்தேன். ஊழியர் வேலைசெய்துகொண்டிருக்கையிலேயே இடம் பெருகிற்று! (சுருக்குவது இத்துணை எளிதன்று. எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறையில் அமைந்த வொலியூமைப் பொதுவாகச் சுருக்க இயலாது.) அன்று எனக்குண்டான பெருமிதத்தைச் சொல்ல இப்போது வெட்கமாயிருக்கிறது.

சில மாதங்களின் பின் பழைய தட்டு செத்தது. புதுத் தட்டு நலமாகவே இருந்தது. ஆயினும் கணக்கு வொலியூம் இரு தட்டுகளிலும் பரவியிருந்தமையால் எழும்ப மறுத்துவிட்டது. வேலியைப் பிடுங்கிய நான், ஒரு வீட்டுத் தீ மறுவீட்டுக்கும் பாயுமென்பதை நினைக்கவில்லை.

"தம்பி, என்னுடைய கணக்கெல்லாம் எங்கே?" என்று கேட்டார் கணக்கெழுதும் அம்மையார்.

வேறிடத்திலிருந்த பிரதி மூன்று வாரம் பழையது. அந்த மூன்று வாரக் கணக்கையும் அவர் பற்றுச்சீட்டுகளிலிருந்து வாசிக்க, நான் தட்டச்சுச் செய்தேன். இரண்டு இரவுகள் சென்றன. அவர் ஒருமுறையேனும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெருந் தண்டனையாயிற்று.

இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் இரு தட்டுகளில் இரு படிகள் இருக்குமாறு அமைத்திருக்கிறேன். இடத்திற் பாதி அதற்கே செலவாகிறது. தவறி அழிக்கும் கோப்பு இரு படிகளிலும் ஒருங்கே அழியுமாகையால், வெளிப்பிரதியும் இரவுதோறும் எடுக்கப்படுகிறது.

அம்மையாரோ இன்றும் பற்றுச்சீட்டுகளைக் கட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார். அலுமாரி நிரம்பிவிட்டது, இன்னொன்று வாங்கித் தரும்படி கேட்டிருக்கிறார்.