இரண்டு வினாடி இருள்

மருத்துவமனை வாயிலை மிதித்தவுடன் பல்வலி பறந்துவிடுவதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். இயந்திரங்களுக்கும் இப்பழக்கம் உண்டு, வாசக அன்பர்களே! பழுது பார்ப்பவர் வந்து நின்றதும் அவை நல்ல பிள்ளைகளாகிவிடும்.

திருவள்ளூரில் கணினி பழுதுபார்க்கும் நாங்கள் மூவர், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு அவ்வப்போது செல்வதுண்டு. (இரண்டும் ஒரே மாவட்டத்து ஊர்கள்தாம், ஆயினும் இரயிலில் செல்வோர் சென்னையைத் தொட்டே திரும்ப வேண்டும்.) அங்கே லாரிகளை நிறுக்கும் எடைமேடை அறையில், கணினித் திரை நாளில் சில முறை இரண்டு வினாடி இருண்டு, தானே ஒளிரும். மும்முறை சென்றோம், எங்கள் கண்முன் ஒருமுறையும் அது நிகழவில்லை. அவ்வறையில் பணிபுரிந்த ஒப்பந்தத் தொழிலாளியான பெண்மீதே மேற்பார்வையாளருக்கு ஐயம் எழுந்தது. எடை போடும் இடமல்லவா! "அண்ணா, நான் எதையும் தொடவில்லை. நீங்களாவது நம்புங்கள்" என்றார் அவர். நம்பினோம், ஆனால் எங்கள் நம்பிக்கை அவருடைய வேலையைக் காக்கப் போதாதே.

ஆகவே, ஒளியை உணரும் சிறு கருவி ஒன்றைத் திரைக்கு எதிரே பொருத்தினோம். ஒளி மறையும் ஒவ்வொரு முறையும் மணியையும் வினாடியையும் அது தானே குறித்துக்கொள்ளும். இரவு முழுதும் திரையை அணைத்து எழுப்பும் பணியையும் கணினியிடமே ஒப்படைத்தோம். நூற்றுக்கணக்கான முறை அணைந்து எழுந்தும் ஒரு பிழையும் இல்லை. பகலிலோ, அறை பூட்டிக் கிடந்த உணவு இடைவேளையிலும் இருள் பதிவாகியிருந்தது! அவ்வினாடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான், சுவருக்கு அப்பால் கம்ப்ரசர் நின்ற ஓசை காதில் விழுந்தது. இரவில் அது ஓடுவதில்லை.

மோட்டாரின் மின்னோட்டத்தைக் கான்டாக்டர் துண்டிக்கையில் எழும் பொறி, மின்காந்த அதிர்வைப் பரப்பும். படத்தைச் சுமக்கும் கேபிள் அதனை ஏற்றுவிட்டால், திரை ஒத்திசைவை இழந்து, மீண்டும் பெறும்வரை இருண்டிருக்கும். சுழல் நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்ததாலேயே திரை இருண்ட நிகழ்ச்சிகளும் பிற நாடுகளில் அறியப்பட்டுள்ளன. சென்னை தரமணியிலுள்ள நடுவண் அரசின் சமீர் நிறுவனத்தில், இத்தகைய தாக்குதல்களை வேண்டுமென்றே உண்டாக்கிக் கருவிகளைச் சோதிக்கிறார்கள். எங்களிடம் அவ்வசதி ஏது? மோட்டார் சூடேறாதபடி, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை கம்ப்ரசரை நிறுத்தி ஓட்டும் டைமரை மாட்டினோம். ஏறக்குறைய 20 நிறுத்தங்களுக்கு ஒருமுறை திரை இருண்டது.

கவசமிட்ட புதிய கேபிளை மின்கம்பிகளுக்கு எட்டத்தில் இழுத்தோம். பழுது நீங்கிவிட்டதென்று எப்போது சொல்வது? 20இல் ஒருமுறை வருவது, 10 முறை வராதிருப்பதில் வியப்பில்லை. பழுது நீங்காமலிருந்தும், தொடர்ந்து 60 முறை அது தற்செயலாக வராமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நாங்கள் இரண்டு இரவுகளில் 120 முறை ஓட்டினோம். திரை ஒருமுறையும் இமைக்கவில்லை.

பதிவுத் தாளில் உணவு இடைவேளைக்குரிய வரிகளை மேற்பார்வையாளர் இருமுறை படித்தார். பிறகு எங்களிடம் ஒன்றும் பேசாமல் எடைமேடை அறைக்குச் சென்று, "அம்மா, உங்கள்மேல் தவறில்லை" என்றார். வெளியே அடுத்த லாரி மேடைமீது ஏறிக்கொண்டிருந்தது.