கொற்கையும் டெல்லியும்

ஜூன் 9

'கொற்கை' இன்று பதினைந்து வயதைத் தாண்டியது. விளையாட்டுக் கணக்கில் இது 1948. ரூல் தி வேவ்ஸ் 3 என்ற கடற்படை வியூக விளையாட்டில் நானே வடிவமைத்து, பணம் ஒதுக்கி, கட்டி, கடலில் இறக்கிய இலகு ரகக் குரூஸர் அது. 7,000 டன். ஆறு அங்குலப் பீரங்கிகள் எட்டு. வேகம் 32 நாட்.

கண்ணைக் கவரும் காட்சிகள் எதுவும் இந்த விளையாட்டில் கிடையாது. பட்டியல்கள், பட்ஜெட், கப்பல் வரைபடம், போர் வந்தால் மேலிருந்து பார்க்கும் ஒரு கடல் வரைபடம், அவ்வளவுதான். ஒரு முறை பொத்தானை அழுத்தினால் ஒரு மாதம் நகரும். 1890-இல் தொடங்கி 1970 வரை போகலாம். ஆடுபவர் ஒரு நாட்டின் கடற்படைத் தலைவர். எந்தக் கப்பலைக் கட்டுவது, எதைப் புதுப்பிப்பது, எதை உடைப்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆடக்கூடிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாததால் பிரிட்டனை எடுத்தேன். கப்பல்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை நமக்கு உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் இருந்ததே, அந்தப் பெயரை வைத்தேன்.

என் பட்டியலில் இதைவிடப் பெரிய கப்பல்கள் உண்டு. ஆனாலும் மனம் இதிலேயே நிற்கிறது. காரணம், இதற்கு நிஜத்தில் ஓர் அக்கா உண்டு. 'அக்கிலிஸ்' என்று 1933-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1948 ஜூலை 5-இல் நம் கைக்கு வந்து, 'டெல்லி' என்ற பெயரில் 1978 ஜூன் 30 வரை இந்தியக் கொடியோடு ஓடிய கப்பல். 45 வருடப் பணி. 'கொற்கை'யின் அளவுகளையெல்லாம் அதைப் பார்த்துத்தான் வைத்தேன். இரண்டின் வாழ்க்கையையும் ஒரே நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வருகிறேன்.

ஜூன் 12

காற்று ஆரம்பித்துவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து வரும் தென்மேற்குக் காற்றில் ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள காற்றாலைகள் எல்லாம் ஓய்வில்லாமல் சுற்றுகின்றன. குற்றாலத்தில் சாரல் என்று பேருந்துகள் நிரம்பிப் போகின்றன.

இரவு பழைய பக்கத்தைப் புரட்டினேன். விளையாட்டில் 'கொற்கை' கண்ட முதல் பெரிய சண்டை, தன்னைவிடக் கனமான பீரங்கிகள் கொண்ட ஒரு ஜெர்மன் கப்பலோடு. நேராக மோதியிருந்தால் பத்து நிமிடம்கூடத் தாங்கியிருக்காது. துணைக் கப்பலை ஒரு பக்கமும் 'கொற்கை'யை மறு பக்கமும் பிரித்து அனுப்பினேன். எதிரியின் பீரங்கிகள் ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே என்று திரும்பிக்கொண்டே இருந்தன. அந்த இடைவெளியில் 'கொற்கை' பிழைத்தது.

இந்த உத்தியை நான் 'அக்கிலிஸ்' கதையிலிருந்துதான் எடுத்தேன். 1939 டிசம்பர் 13, தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால், ஜெர்மனியின் 'அட்மிரல் கிராஃப் ஸ்பீ' கப்பலை 'எக்ஸிட்டர்', 'அஜாக்ஸ்', 'அக்கிலிஸ்' என்ற மூன்று குரூஸர்கள் எதிர்கொண்டன. 'கிராஃப் ஸ்பீ'யின் 11 அங்குலக் குண்டு ஒன்று சுமார் 300 கிலோ. 'அக்கிலிஸ்' எறிந்த ஆறு அங்குலக் குண்டு 51 கிலோ. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்க முடியாது. மூன்றுக்கும் தளபதியான ஹார்வுட் 'எக்ஸிட்டரை' ஒரு திசையிலும் மற்ற இரண்டையும் வேறு திசையிலும் அனுப்பி எதிரியின் குறியைப் பிரித்தார். 'எக்ஸிட்டர்' பலத்த அடி வாங்கியது. 'அக்கிலிஸ்' கப்பலில் குண்டுச் சிதறல்கள் பீரங்கிகளுக்குக் குறி சொல்லும் மேடையைத் துளைத்தன. நான்கு பேர் இறந்தார்கள், கேப்டன் பாரிக்குக் காலில் காயம். ஆனால் 'கிராஃப் ஸ்பீ' மாண்டிவீடியோ துறைமுகத்தில் ஒதுங்கி, நான்கு நாள் கழித்து அதன் கேப்டன் கையாலேயே மூழ்கடிக்கப்பட்டது.

கேப்டன் எட்வர்ட் பாரி. இந்தப் பெயரை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 16

'கொற்கை' பட்டறையிலிருந்து திரும்பியது. பின்பக்கத்து டர்ரெட்டுகள் (பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கவசக் கூண்டுகள்) இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்தேன். எட்டு பெரிய பீரங்கிகள் ஆறாகக் குறைந்தன. மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் 1940-களில் ஒரு கப்பலுக்குச் சாவு வானத்திலிருந்துதான் வருகிறது. எடைக்கும் இடத்துக்கும் எல்லை உண்டு என்பதை இந்த விளையாட்டு ஒவ்வொரு டன்னுக்கும் கணக்குக் கேட்டு உணர்த்துகிறது. ஒன்றை ஏற்ற வேண்டுமானால் இன்னொன்றை இறக்கியாக வேண்டும். புதுப்பிக்கும் மாதங்களில் கப்பல் சண்டைக்கு வராது. அந்த நேரம் பார்த்துப் போர் மூண்டால் அதையும் தாங்கித்தான் ஆக வேண்டும்.

'அக்கிலிஸ்' இதே மாற்றத்தை ரத்தம் சிந்திப் பெற்றது. 1943 ஜனவரி 5, குவாடல்கனால் தீவுக்கு அருகே ஜப்பானிய விமானம் போட்ட குண்டு பின்பக்கத்து டர்ரெட் ஒன்றின் மேல் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். இங்கிலாந்தில் பழுது பார்த்தபோது அந்த டர்ரெட்டைத் திரும்ப வைக்காமல் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். இந்தியாவுக்கு வந்தபோது 'டெல்லி'யில் இருந்தவை மூன்று டர்ரெட்டுகள், ஆறு பீரங்கிகள்தான். பழைய படங்களில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று தெரியும். அந்தக் காலி இடம் 13 பேரின் இடம்.

ஜூன் 21

விளையாட்டில் போர் முடிந்தது. பட்ஜெட்டை வெட்டிவிட்டார்கள். 'கொற்கை'யைப் பணியில் வைப்பதா, இருப்பில் போடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். இருப்பில் போட்டால் செலவு குறையும், ஆனால் மாலுமிகளின் திறமையும் இறங்கிவிடும்.

மாலையில் அடுத்த தெரு அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். இளவயதில் கடற்படையில் சேர்ந்து, பழைய நீராவிக் கப்பல் ஒன்றின் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். 'டெல்லி'யில் இருந்தவர் இல்லை, ஆனால் அதே காலத்து இயந்திரங்களை அறிந்தவர். நம் பகுதிக்கும் கடற்படைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பார்கள். விஜயநாராயணத்தில் 1990 முதல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் உயர்ந்த கம்பங்கள், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அண்ணாச்சியைப் போலக் கடலுக்குப் போய் வந்தவர்கள் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறார்கள்.

"கட்டிப் போட்ட கப்பல ஆறு மாசத்துல துரு தின்னுரும் தம்பி," என்றார். "ஓடுற கப்பல்ல தெனமும் நாலு பேரு கண்ணு வைப்பாங்க. எங்க ஒழுகுது, எங்க சத்தம் மாறுதுன்னு தெரிஞ்சிரும். சும்மா கெடக்குற கப்பல யாரு பாப்பா?"

சிப்பிங் சுத்தியலை வைத்துத் தகட்டில் துருவைத் தட்டித் தட்டி எடுப்பது, அதன்மேல் துருவைத் தடுக்கும் ரெட் லெட் பூசுவது, காய்ந்ததும் சாம்பல் நிறப் பெயிண்ட் அடிப்பது என்று கையாலேயே செய்து காட்டினார். ஒரு முனையில் முடித்துவிட்டு நிமிர்ந்தால் மறு முனையில் துரு தொடங்கியிருக்குமாம்.

பிறகு அவர் சொன்ன ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. பாய்லரிலிருந்து அதிக அழுத்தத்தில் வரும் நீராவி கண்ணுக்குத் தெரியாது. குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் சத்தம் மட்டும்தான் கேட்கும், எங்கே என்று தெரியாது. கையை நீட்டினால் கை போய்விடும். "வெளக்குமாத்துக் கம்ப முன்னால நீட்டிக்கிட்டே மெதுவா நடப்போம். எந்த எடத்துல கம்பு அறுந்து விழுதோ, அங்கதான் ஓட்ட." அந்த அறையின் சூட்டில், அந்த இரைச்சலில், கம்பை நீட்டிக்கொண்டு ஓர் இளைஞர் அடி அடியாக நடப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு கப்பலின் 45 வருடம் இப்படிப்பட்ட நடைகளால் ஆனது.

வீட்டுக்கு வந்து 'கொற்கை'யைப் பணியிலேயே வைத்தேன். தூரத்துக் கடல் நிலையம் ஒன்றுக்கு அனுப்பினேன்.

ஜூன் 27

நாள் முழுவதும் மழை மேகம். 'டெல்லி'யின் பக்கத்தை எழுதினேன். இந்த நோட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

1948-இல் கப்பலை ஏற்றுக்கொண்டபோது கேப்டன் ஆங்கிலேயர். அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர் நம் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி. அவருக்குக் கீழே முதல் லெப்டினென்ட்டாக எஸ்.எம். நந்தா. அதே ஆண்டு இந்தியக் கடற்படைக்குத் தலைமைத் தளபதியாக வந்தவர் எட்வர்ட் பாரி. ஆம், பிளேட் ஆற்றுப் போரில் காலில் காயத்தோடு இதே கப்பலை நடத்திய கேப்டன்தான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டின் கொடியின் கீழ், தன் பழைய கப்பலையே தன் கடற்படையின் முதன்மைக் கப்பலாகக் கண்டார்.

கட்டாரி 1958 ஏப்ரல் 22-இல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவரானார். நந்தா 1971 போரின்போது கடற்படைத் தலைவராக இருந்தார். கராச்சியைத் தாக்கிய ஏவுகணைப் படகுகள் அவர் காலத்தில்தான் போயின. ஒரு கப்பலின் மேல்தளத்தில் வேலை கற்ற இரண்டு பேர் ஒரு நாட்டின் கடற்படையையே நடத்தினார்கள்.

விளையாட்டு இந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது. அதில் மாலுமிகளின் திறமை கப்பலோடு ஒட்டிய ஓர் அளவு. கப்பலை உடைத்தால் அதுவும் போய்விடும். நிஜத்தில் திறமை கப்பலை விட்டு இறங்கி, அடுத்த கப்பலில் ஏறுகிறது. பழைய கப்பலின் மிகப் பெரிய விளைச்சல் அதுதான். அதற்கு எந்தப் பட்ஜெட்டிலும் தனிக் கணக்கு இல்லை.

ஜூலை 3

'கொற்கை' இப்போது 1961-இல். வயது இருபத்தெட்டு. புதிய எதிரிக் கப்பல்களுக்கு முன் அதை நிறுத்த மாட்டேன். கரையோரக் காவலுக்கும் வணிகக் கப்பல்களின் பாதுகாப்புக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். வயதுக்கேற்ற வேலையைக் கொடுத்தால் பழைய கப்பல் இன்னும் பயன்படும்.

'டெல்லி'யும் அப்படித்தான். 1950-இல் நேருவை இந்தோனேசியாவுக்கு ஏற்றிச் சென்றது. 1953-இல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு விழாக் கடற்படை அணிவகுப்பில் நின்றது. 1956-இல் வெளிவந்த பிளேட் ஆற்றுப் போர் பற்றிய ஆங்கிலப் படத்தில் 'அக்கிலிஸ்' வேடத்தில் நடித்தது வேறு எதுவும் அல்ல, அந்தக் கப்பலேதான். 1961 டிசம்பரில் கோவா விடுதலை நடவடிக்கையின்போது டையூவுக்கு அருகே நின்று, தரைப்படைக்குத் துணையாகத் தன் ஆறு அங்குலப் பீரங்கிகளால் சுட்டது. பிறகு பயிற்சிக் கப்பலாகி, மீசை அரும்பிய எத்தனையோ பையன்களுக்குக் கடலைக் காட்டியது.

ஜூலை 8

'கொற்கை'யை இன்று உடைக்கக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தியதும் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. பராமரிப்புச் செலவில் கொஞ்சம் மிச்சம். அதன் சண்டைகள், புதுப்பிப்புகள், போன கடல்கள் எல்லாம் என் நோட்டில் மட்டுமே இருக்கின்றன.

'டெல்லி'யும் 1978-இல் ஓய்வு பெற்று உடைக்கப்பட்டது. ஆனால் அதன் பின்பக்க டர்ரெட் நியூசிலாந்துக்குப் போய், ஆக்லாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் இன்றும் நிற்கிறது. பிளேட் ஆற்றில் அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் நியூசிலாந்துக்காரர்கள். தங்கள் கப்பலின் ஒரு துண்டையாவது காத்து வைத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு மரியாதைதான்.

நாம் எப்படி இருக்கிறோம்? 1971 போரில் வங்கக் கடலில் நின்ற விமானம் தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' சில ஆண்டுகள் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, 2014-இல் உடைபட்டது. பிரிட்டனில் 'ஹெர்மிஸ்' என்று 1959 முதல் ஓடி, 1982-இல் ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் அணியின் முதன்மைக் கப்பலாக இருந்து, 1987 முதல் 2017 வரை நம்மிடம் இருந்த 'விராட்', 2020-இல் குஜராத்தின் அலங் கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் 'குர்சுரா' நீர்மூழ்கியை மக்கள் உள்ளே நடந்து பார்க்க முடிகிறது என்பது ஆறுதல். எல்லாக் கப்பலையும் காப்பாற்ற முடியாது. உப்புத் தண்ணீரில் இரும்பைக் காப்பது பெரும் செலவு. அண்ணாச்சியின் சுத்தியல் கதையைக் கேட்டவர்களுக்கு அது புரியும்.

ஆனால் ஆட்களின் நினைவைக் காப்பதற்குக் கோடிகள் தேவையில்லை. 'டெல்லி'யில் பயிற்சி பெற்ற கடைசிப் பையன்களுக்கே இப்போது அறுபத்தைந்து வயதுக்கு மேல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பணியாற்றிய மாலுமிகள், சமையல்காரர்கள், பாய்லர் அறைக்காரர்கள் தென்காசியிலும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இருப்பார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்தக் கப்பல், எந்த வருடம், என்ன வேலை என்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள், அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் படங்களுக்குப் பின்னால் பெயர்களைக் குறித்து வையுங்கள். உடைத்த கப்பலைத் திரும்பக் கட்ட முடியாது. அதில் வாழ்ந்தவர்கள் சொல்லத் தயாராக இருக்கும்போது கேட்காமல் விடுவதற்கு நமக்கு எந்தச் சாக்கும் இல்லை.